சமையல் மேடைக்கு மேட் ஃபினிஷ் கல்: மும்பை வீட்டுக்கு ஒத்துவருமா? தேர்வு முதல் பராமரிப்பு வரை

மும்பையின் ஆண்டாப் ஹில், வடாலா, சயான் கோலிவாடா பகுதிகளில் குடிசைகளும் சால்களும் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்பி வருகின்றன. புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பல குடும்பங்கள் முதலில் கணக்குப் போடுவது சமையலறைக்குத்தான்.

"பளபளன்னு கிரானைட் வேண்டாம். இப்போ எல்லாரும் மேட் ஃபினிஷ்தானே போடுறாங்க, நாமளும் போட்டுக்கலாமா?" என்ற கேள்வி அப்போது வருகிறது.

போடலாம். ஆனால், 'மேட்' என்பது ஒரு கல்லின் பெயர் அல்ல. கல்லின் முகத்தில் செய்யப்படும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். புளியும் மஞ்சளும் எண்ணெயும் தினமும் சிந்துகிற மேடையில் கல் எது என்பதுதான் முதல் கேள்வி. மேட்டா, பாலிஷா என்பது அதற்கு அடுத்தது.

இந்த வரிசை மாறும்போதுதான் "காசு போட்டும் கல்லு வெளுத்துப் போச்சே" என்ற புலம்பல் வருகிறது. அதைத் தவிர்ப்பது எப்படி? கறை பட்டால் என்ன செய்யலாம்? கல்லை வெட்டும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் நம் சமையல் மேடைக்கும் என்ன தொடர்பு?

மேட் ஃபினிஷ் என்றால் என்ன?

குவாரியில் இருந்து வரும் பாறையைப் பலகைகளாக அறுத்த பிறகு, அதன் முகத்தைப் பட்டறையில் தேய்க்கிறார்கள். சொரசொரப்பான தேய்ப்புக் கல்லில் தொடங்கி, படிப்படியாக நைசான கல்லுக்குப் போவார்கள். கடைசிப் படி வரை போனால் கண்ணாடி போல மின்னும். அதுதான் பாலிஷ்.

அதற்கு முன்பே நிறுத்திவிட்டால் வழவழப்பு இருக்கும், மினுமினுப்பு இருக்காது. இது 'ஹோன்' ஃபினிஷ். கடையில் 'மேட்' என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள்.

வைரத் துகள் பதித்த பிரஷ்களால் தேய்ப்பது இன்னொரு முறை. அப்போது கல்லில் உள்ள மென்மையான பகுதிகள் லேசாகக் குழிந்து, கடினமான பகுதிகள் மேடாக நிற்கும். தொட்டால் தோல் போல இருப்பதால் இதற்கு 'லெதர்' ஃபினிஷ் என்று பெயர். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கும் 'ஃப்ளேம்' ஃபினிஷ் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் உரியது. சமையல் மேடைக்கு ஆகாது.

மழுமழுப்பான பரப்பில் விழும் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வருவதால் கல் மின்னுகிறது. நுண்ணிய மேடு பள்ளம் இருந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, கல் மங்கலாகத் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. அம்மியும் ஆட்டுக்கல்லும் மேட் ஃபினிஷ் கல்தான். வழவழவென்று ஆகிவிட்டால் அரைபடாது என்று கொத்தி விடுவார்கள். கோயில் தூணில் எல்லோரும் கை வைக்கும் இடம் மட்டும் மினுங்குவதையும் பார்த்திருப்போம். சமையல் மேடையிலும் இதே கதைதான்: பாத்திரம் உரசும் இடமும் தினமும் துடைக்கும் இடமும் வருடக்கணக்கில் கொஞ்சம் மினுங்கத் தொடங்கும். அது கல்லின் குறை அல்ல, புழக்கத்தின் அடையாளம்.

மும்பைச் சமையலறையில் என்ன வித்தியாசம்?

மகாராஷ்டிர அரசு குடிசை மறுவாழ்வு ஆணையத்தை (எஸ்.ஆர்.ஏ.) 1995-இல் அமைத்தது. இத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கான வீட்டின் அளவு முதலில் 225 சதுர அடியாக இருந்தது. பிறகு 269 ஆகி, இப்போது 300 சதுர அடியாக இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

இந்த அளவு வீட்டில் சமையல் மேடை ஒன்றுதான். மராத்தியில் 'ஓட்டா' என்று சொல்லும் அந்த ஒரே பலகையில்தான் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பாத்திரக் கூடை எல்லாம். காய் நறுக்குவதும், மீன் கழுவுவதும், மாவு பிசைவதும் அங்கேயே. பெரிய வீடுகளில் அழகுக்கு ஒரு கல், வேலைக்கு ஒரு கல் என்று பிரிக்க முடியும். இங்கே அழகும் வேலையும் ஒரே கல்லில் நடந்தாக வேண்டும்.

சீதோஷ்ணமும் ஒரு காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். துடைத்த மேடை சீக்கிரம் காயாது. ஈரத் தோசைக்கல்லை இரவு முழுக்க மேடையில் கவிழ்த்து வைத்தால் காலையில் துரு வளையம் பதிந்திருக்கும்.

ஒரு சாதகமும் உண்டு. மும்பை மாநகராட்சிக் குழாயில் வருவது தான்சா, பாட்சா, வைதரணா முதலான ஏரிகளின் தண்ணீர். இது உப்பு குறைந்த மென்னீர் என்பதால் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் படிவது குறைவு. டேங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ புழங்கும் கட்டடங்களில் சிங்கைச் சுற்றி வெள்ளைப் படிவு வரும். கறுப்பு மேட் கல்லில் அது பளிச்சென்று தெரியும்.

எந்தக் கல்லுக்கு மேட் ஒத்துவரும்?

சமையலறைக் கல்லுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று அமிலம்: புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி, வினிகர், பொங்கி வழிந்த இட்லி மாவு. இன்னொன்று உள்ளே இறங்கும் நிறம்: மஞ்சள், எண்ணெய், டீ, பீட்ரூட். ஒவ்வொரு கல்லும் இந்த இரண்டையும் எப்படித் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கறுப்பு கிரானைட்: மேட் ஃபினிஷ் வேண்டும் என்பவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். வியாபாரத்தில் கிரானைட் என்று சொன்னாலும், புவியியல்படி இவற்றில் பல டோலரைட், காப்ரோ வகைப் பாறைகள். மிக நெருக்கமான அமைப்பு கொண்டவை என்பதால் தண்ணீரையும் எண்ணெயையும் குறைவாகவே உறிஞ்சும். சமையலறை அமிலங்கள் பெரிதாக ஒன்றும் செய்யாது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு, கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் கறுப்பு, தெலங்கானாவின் வாரங்கல் கறுப்பு, ஆந்திராவின் சீமகுர்த்தியில் கிடைக்கும் 'பிளாக் கேலக்ஸி' ஆகியவை பெயர் பெற்றவை. கேலக்ஸியின் தங்கப் புள்ளிகள் பாலிஷில்தான் எடுப்பாகத் தெரியும். மேட் செய்தால் மங்கிவிடும்.

வெளிர் நிற கிரானைட்: மதுரைப் பக்கம் வெட்டி எடுக்கப்படும் 'காஷ்மீர் ஒயிட்' இந்த வகை. பெயரில் மட்டும்தான் காஷ்மீர். கடினமான கல்தான், அமிலத்துக்கும் பயமில்லை. ஆனால், கறுப்பு வகைகளைவிட நுண்துளைகள் அதிகம். வெளிர் நிறம், மேட் முகம், மஞ்சள் தூள் மூன்றும் சேர்ந்தால் பராமரிப்பு வேலை கூடும். சீலர் போடாமல் இதை மேட்டில் போடக் கூடாது.

கடப்பா, கோட்டா, ஷாஹாபாத் கற்கள்: ஆந்திராவின் கடப்பா, ராஜஸ்தானின் கோட்டா, கர்நாடகத்தின் ஷாஹாபாத் ஆகிய ஊர்ப் பெயர்களைத் தாங்கிய இவை மூன்றும் சுண்ணாம்புக் கற்கள். விலை குறைவு, பாலிஷ் போடாவிட்டால் இயல்பாகவே மங்கலான முகம். "மேட் கல்தானே கேட்டீங்க, இதோ" என்று கடப்பாவைக் காட்டினால் கவனம் தேவை. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் சாம்பல் பூத்ததுபோல வெளுக்கும். மேடைக்குக் கீழே தாங்கு பலகையாகவும் அலமாரித் தட்டாகவும் கடப்பா அருமையானது. மேல் பலகையாகப் போட்டால், அமிலம் பட்ட தழும்புகளோடு வாழப் பழக வேண்டும்.

மார்பிள்: இதுவும் சுண்ணாம்புச் சத்துள்ள கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் முக்கியக் கனிமமான கால்சைட்டுக்கு 3. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸுக்கு 7. பாலிஷ் மார்பிளைவிட ஹோன் மார்பிளில் அமிலத் தழும்பு குறைவாகத் தெரியும் என்பது உண்மை. தெரிவதுதான் குறையும், தழும்பு விழுவது குறையாது. தினமும் சாம்பாரும் ரசமும் வைக்கும் வீட்டுக்கு இது தோதுப்படாது.

குவார்ட்ஸ்: இது இயற்கைப் பலகை அல்ல. எடையில் சுமார் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் குவார்ட்ஸ் துகளும், மீதி பிசினும் நிறமியும் சேர்த்து ஆலையில் தயாரிப்பது. தண்ணீர் உள்ளே இறங்காது, சீலர் தேவையில்லை. ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைத்தால் தழும்பு விழலாம். இதை வெட்டும்போது வரும் தூசிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதைப் பிறகு பார்ப்போம்.

கடையில் செய்து பார்க்க வேண்டிய 4 சோதனைகள்

பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அதே பலகையில் இருந்து ஒரு வெட்டுத் துண்டு கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் இவற்றைச் செய்யலாம்.

1. தண்ணீர்ச் சோதனை: சில சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் கட்டாயம். நிறம் மாறாவிட்டால் கல் நெருக்கமானது, அல்லது ஏற்கெனவே சீலர் போட்டிருக்கிறார்கள்.

2. எலுமிச்சைச் சோதனை: ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு, 15 நிமிடம். கழுவித் துடைத்த பிறகு மங்கலான தடம் இருந்தால் அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கிரானைட் என்று சொல்லி வேறு கல் தந்தால் இதில் தெரிந்துவிடும்.

3. பஞ்சுச் சோதனை: கறுப்புக் கல்லுக்கு மட்டும். நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனை வெள்ளைப் பஞ்சில் நனைத்துத் தேயுங்கள். பஞ்சு கறுத்தால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். அடுப்புச் சூட்டிலும் சோப்பிலும் அந்தச் சாயம் போகப் போக வெளுக்கும்.

4. இரவுச் சோதனை: துண்டின் ஒரு பக்கம் நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள் தூள், மறுபக்கம் கரைத்த புளி. ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்கள். உங்கள் வீட்டில் அந்தக் கல் எப்படி இருக்கும் என்பது அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.

பலகையைப் பார்க்கும்போது வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று பாருங்கள். மேட் கல்லில் தேய்ப்புச் சரியாக இல்லாவிட்டால் வட்டம் வட்டமாகத் தடங்கள் தெரியும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் கல்லில் விரிசல் இருக்கலாம், ஏன் ஒட்டினார்கள் என்று கேளுங்கள்.

ஹோனா, லெதரா?

கல் முடிவான பிறகு வரும் கேள்வி இது. கறுப்பு கிரானைட்டை எடுத்துக்கொண்டால், ஹோன் ஃபினிஷில் விரல் தடமும் எண்ணெய்த் தடமும் நன்றாகத் தெரியும். காரணம் எளிது. மேற்பரப்பின் நுண்பள்ளங்களை எண்ணெய் நிரப்பிவிடுவதால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் சிதறாது. அது ஈரம் பட்டதுபோலக் கறுத்துத் தெரியும். இது கறை அல்ல, சோப்பு போட்டால் போய்விடும். ஆனால் தாளித்து முடித்த ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டியிருக்கும்.

லெதர் ஃபினிஷில் மேடு பள்ளம் அதிகம் என்பதால் தடங்கள் கண்ணில் படுவது குறைவு. அதற்குப் பதிலாக, மாவும் மசாலாவும் பள்ளங்களில் தங்கும். மேடையிலேயே சப்பாத்தி தேய்ப்பவர்களுக்கும் மாவு பிசைபவர்களுக்கும் லெதர் சரிவராது. அவர்களுக்கு ஹோன்தான் நல்லது. லெதர் கேட்பவர்கள் பள்ளம் ஆழமில்லாத பலகையாகப் பார்த்து எடுக்கலாம்.

எடையையும் கணக்கில் வையுங்கள். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. கறுப்பு வகைகள் இன்னும் சற்றுக் கூடுதல். 7 அடி நீளம், 2 அடி அகலமுள்ள மேடை என்றால் 14 சதுர அடி, அதாவது 70 கிலோவுக்கு மேல். அதன் மேல் கிரைண்டர் வேறு. அடுப்பைப் பதிக்கவும் சிங்க் வைக்கவும் வெட்டிய இடத்தில் முன்பக்கம் மிஞ்சும் ஒல்லியான பட்டைதான் முதலில் விரியும். அந்த இடத்துக்குக் கீழே தாங்கு பலகை வைக்கச் சொல்லுங்கள்.

விலை பேசும்போது சதுர அடிக் கணக்கு மட்டும் போதாது. ஓர வேலை, சிங்க் வெட்டு, அடுப்பு வெட்டு, வீணாகும் துண்டு, மாடிக்கு ஏற்றும் கூலி எல்லாம் அந்த விலைக்குள் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மேட் பலகை வாங்கினால், வெட்டிய ஓரமும் மேட்டாகவே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முகம் மேட், ஓரம் பளபளப்பு என்று வந்து நிற்கும்.

சீலர் எதற்கு, எப்போது?

சீலர் என்பது வார்னிஷ் அல்ல. கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும் திரவம். துளைக்குள் இறங்கும் 'இம்ப்ரெக்னேட்டிங்' வகையைத்தான் வாங்க வேண்டும். மேலே படலமாக நிற்கும் வகை மேட் கல்லை மினுங்க வைத்துவிடும், நாளடைவில் உரியும்.

கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பதித்த உடனேயோ, மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கல்லிலோ போட்டால் சீலர் உள்ளே இறங்காது. அக்டோபருக்குப் பிறகு, ஓர் இரவு மேடையைப் புழங்காமல் காயவிட்டுப் போடலாம். துணியால் சீராகத் தடவி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் வெள்ளைப் படலம் நிற்கும். நெருக்கமான கறுப்புக் கல்லில் இந்தச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அது சீலரைக் குடிப்பதே கொஞ்சம்தான்.

மறுபடி எப்போது போடுவது? நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை, கல்லைப் பார்த்தால் போதும். அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனையைச் செய்து, கல் கறுத்தால் போடுங்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சீலர் கறையைத்தான் தாமதப்படுத்தும். சுண்ணாம்புக் கல்லிலும் மார்பிளிலும் அமிலம் அரிப்பதை அது தடுக்காது.

தினசரிப் பராமரிப்பு: இவ்வளவுதான்

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒன்றிரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி. துடைத்த பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. சோப்பை முழுக்க எடுக்காவிட்டால் அதுவே மங்கலான படலமாகும்.

கம்பி நார் வேண்டாம். சொரசொரப்பான தேய்ப்புத் தூளும் வேண்டாம்; தேய்த்த இடம் மட்டும் தனியாக மினுங்கும். ஆசிட், கழிப்பறை கிளீனர் பக்கமே போகக் கூடாது. சுண்ணாம்புக் கல்லில் ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கல்லையே தின்னும். கிரானைட் அதைத் தாங்கினாலும், இணைப்புச் சிமென்ட்டையும் ஸ்டீல் சிங்கையும் ஆசிட் ஆவி கெடுக்கும். துரு நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அது கிரானைட்டையும் விட்டுவைக்காது.

சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை போதும். கிரானைட் சூட்டைத் தாங்கும் என்றாலும், ஒரே இடத்தில் திடீர்ச் சூடு படுவது ஒல்லியான பட்டைகளுக்கு நல்லதல்ல. மீனையும் கறியையும் பலகை வைத்து நறுக்குங்கள். கல்லில் நேரே நறுக்கினால் முனை மழுங்கப்போவது கத்திதான். ஆனால், கல்லின் நுண்பள்ளங்களில் கவிச்சி தங்கும்.

கறையா, அரிப்பா, படிவா?

"கல்லு கெட்டுப் போச்சு" என்று சொல்வதற்கு முன், எது நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

படிவு: கல்லின் மேலே உட்கார்ந்திருப்பது. விரலால் தடவினால் தட்டுப்படும். எண்ணெய்ப் பிசுக்கு, சோப்புப் படலம், உப்புத் தண்ணீரின் வெள்ளை எல்லாம் இதில் அடக்கம். வெந்நீர், சோப்பு, கொஞ்சம் பொறுமை போதும். கிரானைட்டில் தடித்துப் போன வெள்ளைப் படிவைப் பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம்.

கறை: கல்லுக்கு உள்ளே இறங்கிய நிறம். தடவினால் ஒன்றும் தட்டுப்படாது, ஆனால் கறுப்பாகவோ மஞ்சளாகவோ தெரியும். எண்ணெய்க் கறைக்கு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அரை அங்குலத் தடிமனில் அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்து முழுக்கக் காயவிட்டு எடுங்கள். சோடா காயும்போது எண்ணெயை மேலே இழுக்கும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

மஞ்சள் கறைக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதற்குக் காரணம் இதுதான். சமையல் சோடாவும் காரம் என்பதால் கறை நிறம் மாறிப் பயமுறுத்தும். குர்குமினுக்கு ஆகாதது வெளிச்சம். ஜன்னல் வெயில் படும் இடமாக இருந்தால் சில நாட்களில் தானாகவே மங்கும். வெளிர் நிறக் கல்லில், மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துச் சில மணி நேரம் வைக்கலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கறுப்புக் கல்லில் இதைச் செய்ய வேண்டாம், வெளுத்துவிடலாம்.

அரிப்பு: அமிலம் கல்லையே கரைத்த தழும்பு. கடப்பா, கோட்டா, மார்பிளில் மட்டுமே வரும். வெளுத்தும், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, ஏனென்றால் போக்குவதற்கு அங்கே எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மேற்பரப்பை மறுபடி தேய்த்துச் சமன் செய்வதுதான் ஒரே வழி.

கல் தூசியும் தொழிலாளியின் நுரையீரலும்

"சைட்டுக்கே வந்து கட் பண்ணித் தர்றோம், உடனே முடிஞ்சிடும்." ஃபிட்டிங் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் வசதி இது. கதவைச் சாத்திக்கொண்டு, கை மெஷினால் தண்ணீர் இல்லாமல் கல்லை வெட்டும்போது வீடே வெள்ளைப் புகையாகும்.

அந்தத் தூசியில் இருப்பது படிக சிலிகா. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிட, தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்குகிறது. அது உண்டாக்கும் தழும்பு நோய்தான் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். அறிகுறிகள் ஒன்றுபோல இருப்பதால் காசநோய் என்றே தவறாகக் கணிக்கப்படுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, படிக சிலிகா தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

சிலிகாவின் அளவு கல்லுக்குக் கல் மாறும். மார்பிளில் மிகக் குறைவு, கிரானைட்டில் கணிசம், குவார்ட்ஸ் பலகையில் மிக அதிகம். சமையல் மேடைக்கு இந்தப் பலகையை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததை அடுத்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. இப்படித் தடை செய்த முதல் நாடு அதுதான்.

இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் மூன்றாவது அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சிலிக்கோசிஸைச் சேர்த்திருந்தது. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால், மும்பையில் வீடு வீடாகப் போய்க் கல் பதிக்கும் தினக்கூலிக்கு எந்தத் தொழிற்சாலையும் இல்லை. அவருடைய பணியிடம் உங்கள் சமையலறைதான்.

எனவே வீட்டுக்காரர் சொல்லும் நாலு வார்த்தைக்கு இங்கே மதிப்பு உண்டு:

• அளவெடுத்து, சிங்க் மற்றும் அடுப்பு வெட்டுகள் உட்பட எல்லாவற்றையும் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

• வீட்டில் சிறு திருத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், "தண்ணி ஊத்தி கட் பண்ணுங்க" என்று கேளுங்கள். தண்ணீர் தூசியை எழும்பவிடாது. மின்சார மெஷினோடு தண்ணீர் சேர்வதால், அதற்கென்றே வந்த கருவியாக இருக்க வேண்டும்.

• தோளில் கிடக்கும் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசிக்கு மறைப்பல்ல. என்-95 முகக்கவசம் இரண்டு வாங்கிக் கொடுப்பது மொத்தச் செலவில் ஒரு பொருட்டே இல்லை.

• ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்புங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பாலிஷ் கல் இருந்தால்?

மறுவாழ்வுக் கட்டடங்களில் பில்டரே ஒரு பாலிஷ் கிரானைட் மேடையைப் போட்டுத் தந்திருப்பது வழக்கம். "அதையே தேய்ச்சு மேட்டா ஆக்கிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. செய்ய முடியும்தான். ஆனால் பதித்த கல்லைக் கை மெஷினால் தேய்த்தால் பட்டறையில் வரும் சமச்சீர் வராது. சுவரை ஒட்டிய மூலைகள் மினுங்கிக்கொண்டே இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் மேலே சொன்ன அதே தூசி, இன்னும் நீண்ட நேரத்துக்கு. ஆசிட் ஊற்றி மங்க வைக்கும் குறுக்குவழியும் சிலர் சொல்வார்கள், அதைக் கண்டிப்பாக ஏற்க வேண்டாம்.

மேட் ஃபினிஷால் கல் பலமாகாது, சுத்தமாகவும் ஆகாது. கண் கூசாத தோற்றமும், கீறல் சற்று மறைவதும்தான் அதன் பலன். விரிசல் இல்லாத, தண்ணீர் உறிஞ்சாத பாலிஷ் கறுப்பு கிரானைட் வீட்டில் இருந்தால், அதை உடைத்து மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தில் அடுப்புக்குப் பின்னால் நல்ல டைல்ஸும், சிங்கைச் சுற்றி ஒழுகாத இணைப்பும் போட்டால் சமையலறை அதைவிட அதிக நாள் உழைக்கும்.